தோப்புக்குள் ஒரு நீச்சல்குளம்



பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நீச்சல்குளமும் அதன் கரையில் சிறு மண்டபமும் கேட்டிருக்கிறார்கள், அது நிலத்தோடு ஒட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படத்தில் மரத்தூண்களும் ஓட்டுக்கூரையும் அழகாக இருக்கின்றன. ஆனால் கூரையின் முகடு 5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பழைய ஓடாகத் தேடி வாங்கிப் போட்டாலும், தோப்புக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

கிராமத்துப் பொருளால் கட்டினால் கிராமத்தோடு கலந்துவிடும் என்று நம் கட்டடக்கலைத் துறையில் பலரும் நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு கட்டடம் உறுத்துவதும் உறுத்தாததும் முதலில் அதன் மட்டத்தைப் பொறுத்தது. போர்த்துகலில் போர்ட்டோ நகரை அடுத்த லெசா டா பால்மெய்ரா கடற்கரையில் ஆல்வாரோ சிசா கட்டிய குளங்களின் படங்களைத் தேடிப் பார். 1966-ல் முடிந்த வேலை. எல்லாம் சொரசொரப்பான கான்கிரீட். உடை மாற்றும் அறைகளைச் சாலை மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டார். சாலையில் போகிறவருக்குக் கடல் மறைவதில்லை. குளத்துக்கும் அங்கே கிடந்த பாறைகளையே கரையாக்கி, விட்டுப்போன இடத்தில் மட்டும் தாழ்ந்த சுவர் போட்டார். இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே ஜெஃப்ரி பாவா கட்டிய கண்டலம ஹோட்டலும் கான்கிரீட்தான், தட்டைக்கூரைதான். குன்றின் வளைவோடு ஓடும் அந்தக் கட்டடத்தைக் கொடிகள் மூடியிருக்கின்றன. அங்கே நீச்சல்குளத்தின் விளிம்பு தாண்டினால் கண்ணுக்கு எட்டுவது ஏரித் தண்ணீர்.

உன் தோப்பு மேற்கிலிருந்து கிழக்கே சுமார் 1 மீட்டர் சரிகிறது என்கிறாய். அந்தச் சரிவு உனக்குக் கிடைத்த வரம். மேற்கே மண்ணை வெட்டி மண்டபத்தை உள்ளே தள்ளு. தளமும் குளத்தின் விளிம்பும் கிழக்குத் தரையின் மட்டத்தில் நிற்கட்டும். உள் உயரம் 2.4 மீட்டர் போதும். மேற்கிலிருந்து வருகிறவருக்கு ஒன்றரை மீட்டர் சொச்சம்தான் தெரியும். பின்சுவர் கருங்கல். அதன் முதுகில் ஜல்லி நிரப்பிய வடிகால் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் முழுதும் மண்டபத்துக்குள்தான் இறங்கும்.

அந்தச் சுவர் மேற்கே இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆடி வரை மேற்கிலிருந்து வீசும் காற்று தூசியையும் சருகையும் நேராகக் குளத்தில் கொட்டும். சாயங்கால வெயிலும் அதே பக்கம்தான். ஆனைமலை தெற்கே தெரிவதால் தெற்கையும் கிழக்கையும் திறந்து வைக்கலாம். கூரைக்கு ஓடு மட்டும் வேண்டாம். தென்னந்தோப்பில் ஓட்டுக்கூரை போட்டால் மட்டை விழுந்து உடைந்துகொண்டே இருக்கும். கான்கிரீட் தளத்தின் மேல் மண் பரப்பிப் புல் வளர். குளத்தையும் மண்டபத்தையும் மரங்களிலிருந்து காய் விழும் தூரத்துக்கு அப்பால் வை.

நீல மொசைக் வேண்டாம். கரும்பச்சையிலோ சாம்பல் நிறத்திலோ கல் பதித்தால் தண்ணீரில் வானமும் தென்னையும் பிரதிபலிக்கும். ஆனால் இருண்ட அடித்தளத்தில் மூழ்கிய குழந்தை சட்டென்று கண்ணில் படாது. அதனால் ஆழத்தைக் குறைத்துக் கட்டு. படிகளின் விளிம்பிலும் ஆழம் மாறும் இடத்திலும் வெளிறிய கல் பதி. இதில் அழகுக்காக விட்டுக்கொடுக்காதே.

தண்ணீரைப் பற்றி உரிமையாளரிடம் வெளிப்படையாகப் பேசு. 10-க்கு 5 மீட்டர் குளத்தில் வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 300 லிட்டர் போய்விடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் வராமல் தவிக்கும்போது இந்தக் குளம் எவ்வளவு தாழ்ந்து கிடந்தாலும் ஊர்க்கண்ணில் உறுத்தும். குளத்தைச் சின்னதாக்கு. ஃபில்டரைக் கழுவிய தண்ணீரைத் திறந்த தொட்டியில் சில நாள் வெயிலில் விட்டு, குளோரின் போனபின் மரங்களுக்குப் பாய்ச்சு. உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவியை வாங்கச் சொல்வார்கள், வாங்காதே. உப்பு வெயிலில் போகாது, மண்ணிலேயே தங்கிவிடும்.

வரைபடத்தை இந்த மாதமே கேட்கிறார்களாம். ஆவணி வரை தவணை கேள். ஆடிக்காற்றில் அந்தத் தோப்பில் ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டு, பிறகு பென்சிலை எடு.