தாட்சண்யத்திற்கும் ஒரு கணக்கு

சிறுவணிகத்தில் முதலாளியும் விற்பனையாளரும் கணக்கரும் பெரும்பாலும் ஒருவரே என்பதால், பெரிய நிறுவனத்தில் விதியைக் காட்டி மறுத்துவிடக்கூடிய ஒன்றை இங்கே ஒரு மனிதர் இன்னொருவரின் முகத்தைப் பார்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது. அறிந்தவர் கேட்கையில் இல்லையென்று சொல்ல நா எழாத அந்த நிலையைத்தான் கடைத்தெருவில் தாட்சண்யம் என்கிறார்கள். அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கையே சிறுகடையின் முதல் மூலதனமாக இருப்பதால், தாட்சண்யம் அறவே அற்றவரிடம் வாடிக்கையும் நிலைப்பதில்லை. ஆனால் அது கணக்கில் ஏறாமலும் எல்லையறியாமலும் வளரும்போது, நல்லெண்ணத்தால் நடந்த கடையே நல்லெண்ணத்தால் நொடித்துப்போகிறது.

வணிகர் உணரும் கடப்பாடுகள் ஒரே எடை உடையவை அல்ல என்பதே அனுபவம் முதலில் கற்பிக்கும் பாடம். ஊழியரின் சம்பளம், சரக்கு கொடுத்தவருக்குச் சேர வேண்டிய தொகை, வரி ஆகியவை சட்டக் கடப்பாடுகள். தொழில் தொடங்கிய காலத்தில் கைமாற்று, அதாவது வட்டியும் பத்திரமும் இல்லாமல் பணம் தந்து உதவியவருக்குப் பட்டிருப்பது நன்றிக் கடப்பாடு. ஒன்றாகப் படித்தவர், ஒரே தெருக்காரர் என்பதற்காக மட்டும் எழுவது முகதாட்சண்யம். இவற்றுள் மூன்றாவதே எதிரில் வந்து நின்று கேட்பதால், முதலிரண்டையும் முந்திக்கொண்டு கல்லாவைத் திறந்துவிடுகிறது. சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனால் வாய் திறக்காத ஊழியரும், வீட்டுச் செலவைச் சுருக்கிக்கொள்ளும் குடும்பமும் அந்த நேரத்தில் கண்ணில் படுவதில்லை. எனினும் தாட்சண்யத்தின் விலையைச் செலுத்துபவர்கள் பெரும்பாலும் அவர்களே.

மளிகைக்கடையின் பற்று நோட்டு, அதாவது கடனுக்குக் கொடுத்த சரக்கை எழுதிவைக்கும் நோட்டு, இதைத் தெளிவாகக் காட்டும். ஆயிரம் ரூபாய் விற்பனையில் நூறு ரூபாய் லாபம் நிற்கும் கடையில், ஆயிரம் ரூபாய்ச் சரக்கு வாராக்கடனாகிவிட்டால், இழந்த கொள்முதல் விலையான 900 ரூபாயை மீட்கவே இன்னும் 9,000 ரூபாய்க்கு ரொக்க விற்பனை நடந்தாக வேண்டும். தவணை எதுவும் பேசாமல் கடனுக்கு விற்ற சரக்கின் விலையை வழக்குத் தொடுத்து மீட்க, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே தருகிறது என்பதையும், அந்தக் காலத்திற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால் அந்நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும் என்பதையும் வணிகர் அறிந்திருப்பது நல்லது. மாதந்தோறும் பாக்கியைக் கூட்டிக் கையொப்பம் பெறுவதும், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடன் உச்சவரம்பை முன்கூட்டியே பேசி முடிப்பதும் உறவை முறிப்பதில்லை. அளவு தெரியாமல் வளர்ந்த பாக்கிதான், கொடுக்க முடியாதவரை அந்தத் தெருவழியே வராமல் செய்கிறது.

இதைவிடக் கடுமையானது ஜாமீன் கையொப்பம். நண்பரின் கடனுக்குப் பொறுப்பேற்பதை வெறும் ஒத்தாசை என்று கருதுவோர் பலர். ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, கடன்பட்டவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. ஆகவே அந்தக் கடனைத் தாமே அடைக்க நேர்ந்தாலும் தொழில் நிற்கும் என்ற நிலை இருந்தால் மட்டுமே கையொப்பமிட வேண்டும். இல்லையெனில், கைவசமுள்ள ஒரு சிறு தொகையை நேரடியாகக் கொடுத்து உதவுவது இருவருக்கும் பாதுகாப்பானது.

உறவினரை வேலைக்கு வைக்கும்போது வேலை, நேரம், சம்பளம், விடுப்பு ஆகியவற்றை முதல் நாளே பேசி எழுதிவைப்பது, பின்னாளில் கடைப்பேச்சு வீட்டுப்பேச்சாக மாறாமல் காக்கும். முதலாளியின் குடும்பம் கடையிலிருந்து எடுக்கும் பொருளும் பணமும் கணக்கியலில் எடுப்புகள் எனப்படும். அவற்றை நாள்தோறும் பதிவு செய்யும் வணிகரே, அண்ணன் மகனுக்கும் அடுத்த வீட்டாருக்கும் ஒரே விதி என்று தயங்காமல் சொல்லும் தகுதியைப் பெறுகிறார்.

கடப்பாட்டைக் கணக்கோடு இணைப்பது தமிழ்ச் சமூகத்திற்குப் புதிதன்று. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில் கொடுத்தல், ஏற்றல், திருப்பியளித்தல் என்று பிரித்துக் காட்டிய மூன்று கடமைகளையும், புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் மொய் விருந்தில் நோட்டுப் புத்தகத்தோடு காணலாம். அங்கே வந்த தொகையும் திருப்பிச் செய்ய வேண்டிய தொகையும் பெயர்வாரியாக எழுதப்படுகின்றன. விருதுநகர் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் வியாபாரத்தின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்கு ஒதுக்கிய மகமை முறை இன்னும் பொருத்தமான முன்மாதிரி. விருதுநகரில் 1889இல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியின் வளர்ச்சிக்கு அத்தகைய நிதி துணைநின்றது. எவ்வளவு கொடுப்பது என்பதைக் கேட்பவரின் வற்புறுத்தலுக்கு விடாமல் முன்னரே தீர்மானித்துவிடுவதில்தான் மகமையின் நுட்பம் இருக்கிறது.

அதே முறையில், மாத லாபத்தில் ஒரு பகுதியைக் கோயில் நன்கொடை, நண்பருக்கான உதவி, ஏழை வாடிக்கையாளருக்கான தள்ளுபடி ஆகியவற்றுக்கெனத் தனியே எடுத்துவைத்து, அது தீர்ந்த மாதத்தில் அடுத்த மாதம் வரச் சொல்வது சிறுவணிகருக்கு இயலக்கூடியதே. மறுக்க வேண்டிய இடத்தில் காலம் கடத்தாமல், நேரில், பொய்க்காரணம் சொல்லாமல் மறுக்க வேண்டும். நாளை பார்க்கலாம் என்ற சொல் கேட்டவருக்கு நம்பிக்கையையும் சொன்னவருக்கு இன்னொரு கடப்பாட்டையும் உண்டாக்கிவிடும். முழுவதும் இயலாதபோது இயன்ற பகுதியைச் சொல்வது மறுப்பின் கசப்பைத் தணிக்கும். நன்றிக் கடப்பாட்டையோ எக்காலத்திலும் மறக்கலாகாது. உதவியவரின் தொகையைத் தேதி குறித்துத் திருப்பிக் கொடுப்பதும், அவருக்கு முடியாத காலத்தில் துணைநிற்பதும் அதற்குரிய வழிகள். கேட்டபோதெல்லாம் கல்லாவைத் திறந்துவிடுவது அவற்றுள் ஒன்றன்று.

மாத முடிவில் சம்பளம், சரக்குப் பாக்கி, வரி, குடும்பச் செலவு ஆகிய நான்கும் தீர்ந்த பிறகு மிஞ்சுவதே தாட்சண்யத்திற்குரிய பணம். சிறுதொழில் நடத்தும் ஒவ்வொருவரும் இந்த வரிசையை எழுதிக் கல்லாவின் உட்புறம் ஒட்டிவைத்து, அடுத்த வேண்டுகோள் வரும்போது பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை அதைப் படிக்க வேண்டும்.