ரோமை நடந்தே பார்க்க அக்கா தரும் 8 டிப்ஸ்

ரோமுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா தங்கச்சி? சந்தோஷம். அந்த ஊரின் பழைய பகுதியைப் பார்க்க பஸ்ஸைவிடக் கால்தான் வசதி. ஆனால் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்.

1. புது ஷூ வேண்டாம்: தெருவெல்லாம் சின்னச் சின்னக் கருங்கல் பாவியிருக்கும். மழை பெய்தால் வழுக்கும். பயணத்துக்கென்று வாங்கிய ஷூவோடு போய், இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளத்தோடு நொண்டினேன். ஒரு மாதமாவது போட்டுப் பழகிய ஷூவையே எடுத்துப் போ.

2. ஒரு நாளுக்கு ஒரு பாதை: முதல் நாள் பியாத்சா டெல் போபோலோவில் கிளம்பு. ஸ்பானிஷ் படிகள், ட்ரெவி நீரூற்று, பாந்தியன், பியாத்சா நவோனா என வரிசையாக வரும். மொத்தமே மூன்று கிலோமீட்டருக்குள்தான். கொலோசியத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்.

3. விடியலில் கிளம்பு: ட்ரெவிக்கு ஏழு மணிக்குள் போய்விடு. பத்து மணிக்கு மேல் தலைகள்தான் தெரியும்.

4. தண்ணீர் பாட்டில் வாங்காதே: காலி பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும். தெருவோரம் ‘நசோனே’ என்ற இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். 1874 முதல் இருப்பவை. கீழ் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் பீச்சும், குனியாமல் குடிக்கலாம்.

5. துப்பட்டா மறக்காதே: தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு காட்டன் துப்பட்டா அதற்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும்.

6. தேவாலயத்தில் இளைப்பாறு: பல தேவாலயங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நவோனா பக்கத்தில் சான் லூயிஜி தேய் பிரான்சேசி இருக்கிறது. கரவாஜியோவின் மூன்று ஓவியங்களை அங்கே இலவசமாகப் பார்க்கலாம். நிறைய தேவாலயங்களை மதியம் சில மணி நேரம் சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடு. பாந்தியனுக்கு மட்டும் 2023 முதல் டிக்கெட் உண்டு.

7. காபியை நின்றே குடி: மேசையில் உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடும். கவுன்டரில் நின்று குடித்துவிட்டு, அங்கேயே டாய்லெட்டுக்கும் போய் வந்துவிடு. ஸ்பானிஷ் படிகளில் மட்டும் உட்காராதே. 2019 முதல் அபராதம் போடுகிறார்கள்.

8. பை முன்பக்கம் இருக்கட்டும்: கூட்டத்தில் பிக்பாக்கெட் அதிகம். ஜிப் வைத்த பையைக் குறுக்காக மாட்டிக்கொள். பாஸ்போர்ட் அறையில் இருக்கட்டும், நகல் போதும்.

இன்னொன்று. நவோனா சதுக்கத்தை ஒருமுறை முழுக்கச் சுற்றி வா. அது நீளமாக, ஒரு முனையில் வளைந்து இருக்கும். முதல் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய மைதானத்தின் மேல்தான் இன்றைய வீடுகள் எழும்பியிருக்கின்றன. பாந்தியனில் அண்ணாந்து பார்; 43 மீட்டர் அகலக் குவிமாடத்தின் உச்சியில் திறந்த வட்டம். மழை உள்ளேயே விழும், தரையில் உள்ள துளைகள் வழியே வடிந்துவிடும். இதையெல்லாம் ஓடிக்கொண்டே பார்க்க முடியாது.

அதனால் ஒரு நாளைக்கு ஐந்து இடத்துக்கு மேல் பட்டியல் போடாதே. கால் வலித்தால் கூச்சப்படாமல் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடு. நல்லபடியாகப் போய் வா.