சங்கமம்: ஒரு வடசொல்லும் கன்னட நாட்டில் அதன் வழக்கும்

குரு, லிங்க, சங்கம வழிபாடு என்பது சைவ மக்கள் நன்கறிந்த தொடர். இதிலுள்ள 'சங்கமம்' என்பதற்கு அடியார் கூட்டம் என்றோ, ஆறுகள் கூடுமிடம் என்றோ பலர் பொருள் கொள்வர். அது பொருத்தமன்று.

இச்சொல்லின் வடமொழி வடிவம் 'ஜங்கமம்' ஆகும். செல்லுதல் எனப் பொருள்படும் 'கம்' என்னும் வினையடியிற் பிறந்தது. இடம்விட்டு இடம் செல்வது என்பது இதன் பொருள். இதற்கு எதிர்ச்சொல் 'ஸ்தாவரம்', அதாவது நிலைத்து நிற்பது. ஓரிடத்தில் நிற்பதனாலேயே மரஞ் செடிகள் தாவரம் எனப்பட்டன. ஆறுகள் கூடுமிடத்தைக் குறிக்கும் 'ஸங்கமம்' அதே வினையடியிற் பிறந்த வேறொரு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே வடிவம் பெற்றமையால் மயக்கம் உண்டாயிற்று.

கன்னடத்தில் இவ்விரு சொற்களும் வெவ்வேறாகவே எழுதப்படுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பசவண்ணர், கிருஷ்ணையும் மலப்பிரபையும் கூடும் கூடலசங்கமத்து இறைவனைத் தம் வசனங்களில் அழைத்தார். அது ஸங்கமம். ஊர் ஊராகச் சென்று சிவநெறி பரப்பும் அடியாரை ஜங்கமர் என்றார். உடம்பையே கோயிலாகக் கண்ட அவர், நிலைத்து நிற்பதினும் இயங்குவதையே உயர்த்திப் பேசினார். பிற்காலத்தில் ஜங்கமர் என்பது வீரசைவ குருமார் மரபினரின் பெயராயிற்று.

இன்றும் இச்சொற்கள் கன்னட மக்களின் நாவில் வாழ்கின்றன. கைத்தொலைபேசியை 'ஜங்கம தூரவாணி' என்றும், மின் உற்பத்தி நிலையத்தை 'வித்யுத் ஸ்தாவர' என்றும் வழங்குகின்றனர்.

தமிழ்ச் சைவம் இரண்டில் ஒன்றைத் தள்ளவில்லை. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் 12ஆம் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுமாறு கூறுகிறது. திருமூலரோ அடியாரை நடமாடும் கோயிலாகக் கண்டு, அவருக்கு ஈவது இறைவனையே சேரும் என்றார்.

கோபுரமும் மண்டபமும் எழுப்புவது தாவரத்துக்குச் செய்யும் திருப்பணி. அது வேண்டியதே. ஆயினும், மகேசுர பூசைப் பந்தியில் வந்தமரும் ஏழை அடியார் ஒருவரை முகஞ்சுளித்து எழுப்பிவிட்டால், கருவறையில் செய்த அபிடேகம் அரைகுறையாகவே நிற்கும். சுவாமி வீதியுலா வருவது திருவிழா நாட்களில் மட்டுமே. சங்கமமாகிய சிவமோ ஆண்டு முழுவதும் வாசலுக்கு வந்துகொண்டேயிருக்கிறது. அதனை இனங்கண்டு உபசரிப்பதே இச்சொல் புகட்டும் பாடமாகும்.