மலைப்பாதையில் வயர்லெஸ் கேட்குமா? சோதிக்கும் முறை

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் அன்பர்களுக்கு, பங்காருபாளையம் தாண்டியதும் மொகிலி மலைப்பாதை வருவது தெரியும். ஏற்றமும் வளைவும் நிறைந்த அந்த வழியில் ஒரு லாரி கவிழ்ந்தால், அங்கு செல்லும் காவலரின் வயர்லெஸ் ஊர் வரை எட்டுமா? இதைச் சோதிக்கும் முறையை, இரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 150 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், சமதரையில் அதன் எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். 30 மீட்டர் கோபுரத்துக்கு 22.6; ஜீப்பின் மேல் 2 மீட்டர் உயரத்தில் உள்ள ஆண்டெனாவுக்கு 5.8. கூட்டினால் சுமார் 28 கிலோமீட்டர். ஆனால் நடுவில் குன்று நின்றால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். எனவே நேரில் போய்ச் சோதிப்பதே வழி.

ஒன்று: நின்ற இடத்தில் அளக்காதீர்கள். இந்த அலையின் நீளம் 2 மீட்டர். பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் கலப்பதால், ஒரு மீட்டர் நகர்ந்தாலே ஒலி கூடும், குறையும். 40 அலைநீளம், அதாவது 80 மீட்டர், மெதுவாக ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும்.

இரண்டு: மீட்டர் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். ஊர்ப்பெயரும் எண்களும் கலந்த செய்தியைச் சொல்லி, கேட்பவரை எழுதச் சொல்லுங்கள். பிழையின்றி எழுதினால்தான் தேர்ச்சி.

மூன்று: இரு திசையிலும் சோதியுங்கள். இரயில்வேயில் நிலையக் கருவி 25 வாட், கைக்கருவி 5 வாட். நிலையம் பேசுவது நமக்குக் கேட்பதால், நாம் பேசுவதும் அங்கே கேட்கும் என்று கொள்ள முடியாது. கேட்க மட்டுமே உதவும் ஸ்கேனர் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

அரைகுறைச் சோதனை என்ன செய்யும் என்பதற்கு, 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் நடந்ததே சான்று. உலக வர்த்தக மையத்தில் தீயணைப்பு வீரர்களுக்கென ஒரு ரிப்பீட்டர் இருந்தது. அதன் இரண்டு பொத்தான்களில் ஒன்று அழுத்தப்படவில்லை. அந்த நிலையில் வடக்குக் கோபுரத்தில் சோதித்த அதிகாரிகள், கருவி வேலை செய்யவில்லை என்று கைவிட்டனர். அதே ரிப்பீட்டர் தெற்குக் கோபுரத்தில் பயன்பட்டது. அன்று 343 தீயணைப்புத் துறையினர் உயிரிழந்தனர்.

காவல்துறைப் பேச்சை அனுமதியின்றி ஒட்டுக்கேட்பது நம் நாட்டில் குற்றம். அந்தச் சோதனை துறையினரின் வேலை. அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற இளைஞர்கள் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தங்கள் அலைவரிசையில் இதே முறையைப் பழகலாம். ஒலி எட்டாத வளைவுகளைக் குறித்து வைத்தால், ஆபத்து வேளையில் எந்த மேட்டில் ஏறிப் பேசுவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்.