கல்லீரலுக்குச் சூரணம் தேடும் தம்பிக்கு

அன்புள்ள கதிர்,

உன் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்ற வரியைப் பார்த்து நீ கலங்கிப்போயிருப்பதாக உன் அம்மா சொன்னாள். கலங்காதே, அலட்சியமும் வேண்டாம். கொழுப்பு சேரத் தொடங்கியிருக்கும் இந்தக் கட்டத்தில் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எடையைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ 80 கிலோ இருக்கிறாய். 4 கிலோ இறங்கினாலே கொழுப்பு குறையத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ இறங்கினால் அழற்சி இருந்தாலும் தணியும். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் இளைக்கப் பார்க்காதே, அது கல்லீரலுக்கே கேடு. வாரம் அரைக் கிலோ போதும்.

முதலில் உன் டீயைக் கணக்குப் பார். ஆபீசில் நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறத்தாழ 35 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாலையில் குளிர்பானம் வேறு! சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதில் பெரும்பங்கு கல்லீரலுக்குத்தான் போகிறது. மிஞ்சியதை அது கொழுப்பாக்கிவிடும். நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி என்று பெயரை மாற்றினால் கல்லீரல் ஏமாறாது. பழத்தைக் கடித்துத் தின்னு, ஜூஸ் வேண்டாம்.

நம் வீட்டுத் தட்டில் சோறு குவியலாக இருக்கும், பொரியல் ஊறுகாய் அளவுக்கு. அதை மாற்று. கீரைக் கூட்டு, சுண்டல், குழம்பு மீன் கூடட்டும்; சோறு குறையட்டும். அரிசிக்குப் பதில் குதிரைவாலி என்பதற்காக ஆறு தோசை தின்றால் பலனில்லை. சர்க்கரை போடாத காப்பி குடிக்கலாம். காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. காப்பிப் பைத்தியமான எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

வாட்ஸ்அப்பில் வந்த கீழாநெல்லிச் சூரணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்குப் பேர் பெற்றது. கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூலிகை என்றால் தீங்கில்லை என்றும் நினைக்காதே. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வழக்கு இன்னும் முடியாத மருந்துக்கு உன் கல்லீரல் சாட்சியாக வேண்டாம். எதைச் சாப்பிடுவதானாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடு.

ரத்தச் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பார்த்துக்கொள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நட. நாளைக்கே தொடங்கு.

இப்படிக்கு,
பெரியப்பா