செலுலாய்டு பேனாவின் மறுபிறப்பு

2014ஆம் ஆண்டில் அனைத்துலக மேசைப்பந்துப் போட்டிகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வந்த செலுலாய்டுப் பந்துக்குப் பதிலாக வேறு வகை நெகிழியால் செய்த பந்து அறிமுகமானது. செலுலாய்டு எளிதில் தீப்பற்றும் பொருள். அதைக் கொண்டு பந்து தயாரிப்பதும், அப்பந்துகளை விமானத்தில் அனுப்புவதும் ஆபத்தானவை என்பது இம்மாற்றத்திற்கு ஒரு முக்கியக் காரணம்.

பந்துக்கு மாற்றுப் பொருள் கிடைத்துவிட்டது. ஆனால், அதே செலுலாய்டால் செய்யப்பட்ட பழைய ஊற்றுப்பேனாக்களுக்கு மாற்றுக் காண்பது அவ்வளவு எளிதாக இல்லை. பந்து சரியாகத் துள்ளினால் போதும். பேனாவோ கையில் திருப்பும்போதெல்லாம் முத்துப்போல் ஒளிர வேண்டும். அந்த ஒளியை ஆபத்தில்லாத பொருளில் மீண்டும் கொண்டுவர இயலுமா? பேனாக் கைவினைஞர்கள் பலர் இன்றும் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

பஞ்சும் கற்பூரமும்

செலுலாய்டு, மனிதன் உருவாக்கிய முதல் நெகிழிகளுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் பில்லியட்ஸ் பந்துகள் யானைத் தந்தத்தால் செய்யப்பட்டன. தந்தத்திற்குத் தட்டுப்பாடு ஏற்படவே, அதற்கு ஏற்ற மாற்றுப் பொருளைக் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு வழங்கப்படும் என்று அமெரிக்க வணிகர் ஒருவர் 1860களில் அறிவித்தார். அச்சுத் தொழில் செய்துவந்த ஜான் வெஸ்லி ஹயாட் என்பவர் இந்த ஆய்வில் இறங்கினார். இங்கிலாந்தில் அலெக்சாண்டர் பார்க்ஸ் 1862இல் இதே போன்ற ஒரு பொருளைக் காட்சிக்கு வைத்திருந்தார். ஆயினும், அதை வணிக முறையில் வெற்றிபெறச் செய்தவர் ஹயாட். அவர் 1870இல் தம் செய்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

செய்முறையின் அடிப்படை இதுதான். பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருள் கிடைக்கும். இது வெடிமருந்தாகவும் பயன்பட்ட பொருள். இதனுடன் கற்பூரத்தையும் சிறிது ஆல்கஹாலையும் சேர்த்துப் பிசைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்தால் செலுலாய்டு உருவாகும். விறைப்பான பொருளை இளக்கி, வளைந்துகொடுக்கச் செய்வது கற்பூரத்தின் வேலை. வழிபாட்டில் நாம் ஏற்றும் கற்பூரம் எவ்வளவு விரைவாகப் பற்றிக்கொள்கிறது என்பதை நாம் அறிவோம். வெடிமருந்தும் கற்பூரமும் சேர்ந்த பொருள் தீயைக் கண்டால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய செலுலாய்டுப் பேனாவை விரலால் சற்றுத் தேய்த்து முகர்ந்தால், இன்றும் கற்பூர மணம் வீசுவதுண்டு.

கருப்புப் பேனா வண்ணம் பெற்றது

தொடக்கக் கால ஊற்றுப்பேனாக்கள் எபொனைட் என்னும் கடின ரப்பரால் செய்யப்பட்டன. ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கி இதைத் தயாரித்தார்கள். இதில் பளிச்சென்ற வெளிர் நிறங்களைக் கொண்டுவருவது கடினம். எனவே, பேனாக்கள் பெரும்பாலும் கருப்பாக இருந்தன. சிவப்பு நிறமும், சிவப்பும் கருப்பும் கலந்த நிறமும் சிலவற்றில் காணப்பட்டன. வெயில் பட்டால் கருப்பும் மங்கிப் பழுப்பாகிவிடும். கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

1924இல் அமெரிக்காவின் ஷேஃபர் நிறுவனம் மரகதக்கல் போன்ற பச்சை நிறத்தில் செலுலாய்டுப் பேனாவை வெளியிட்டது. பார்க்கர் நிறுவனம் தன் புகழ்பெற்ற டியோஃபோல்ட் பேனாவை 1926இல் செலுலாய்டுக்கு மாற்றியது. பச்சை, நீலம், மஞ்சள், முத்து வெண்மை எனப் பல வண்ணங்கள் சட்டைப்பையில் குடியேறின. 1933இல் வந்த பார்க்கர் வாக்குமேட்டிக் பேனாவில், ஒளி ஊடுருவும் வளையமும் மின்னும் வளையமும் மாறி மாறி அடுக்கப்பட்டிருந்தன. பேனா அழகாக இருந்தது. உள்ளே எவ்வளவு மை மீதம் இருக்கிறது என்பதையும் அந்த வளையங்களின் இடைவெளி வழியாகப் பார்க்க முடிந்தது.

ஒளி பிறக்கும் இடம்

இந்த அழகு மேலே பூசிய சாயத்தால் வந்ததன்று. அது பொருளின் உள்ளேயே இருந்தது. அக்காலத்தில் மீன் செதில்களிலிருந்து எடுத்த மின்னும் துகள்களைச் செலுலாய்டில் கலந்தார்கள். இத்துகள்கள் மிகச் சிறிய, தட்டையான கண்ணாடிச் சில்லுகளைப் போன்றவை. எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தால், ஒளியை ஒன்றாகத் திருப்பி அனுப்பும். அவற்றின் திசை மாறினால், அதே நிறம் இருண்டு தெரியும். பேனாவைத் திருப்பும்போது ஒரு பக்கம் ஒளிர்ந்து மறுபக்கம் மங்குவது இதனால்தான்.

பல நிறத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சூட்டில் அழுத்தினால், அவை ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அக்கட்டியை நேராக அறுத்தால் ஒரு கோலம் கிடைக்கும். சாய்வாக அறுத்தால் வேறொரு கோலம் கிடைக்கும். அறுத்த துண்டுகளை இடம் மாற்றி மீண்டும் அழுத்தினால் இன்னொன்று கிடைக்கும். அதன்பின் பொறுமை தேவை. உள்ளே தங்கிய ஆல்கஹால் வெளியேறும்வரை பொருளைப் பல மாதங்கள் காயவிட வேண்டும். அவசரப்பட்டுக் கடைந்தால், பேனா பின்னர்ச் சுருங்கி, மூடி பொருந்தாமல் போய்விடும்.

அழகோடு வந்த குறைகள்

தீ ஆபத்து ஒருபுறம் இருக்க, செலுலாய்டு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் இயல்புடையது. வெப்பமும் ஈரமும் ஒளியும் படப்பட, அது மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளிவிடும். இவை ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி, பேனாவை விரிசல் விடச் செய்யும். உலோகப் பாகங்களை அரிக்கும். அருகில் இருக்கும் நல்ல பேனாக்களையும் கெடுத்துவிடும். காற்றுப் புகாத பெட்டியில் பூட்டி வைத்தால் வாயு வெளியேற வழியின்றிச் சிதைவு மேலும் விரைவாகும். எனவேதான், இவற்றைக் குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கவேண்டும் என்று சேகரிப்பாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

நிறமும் மாறும். பழைய பேனாவினுள் மையைத் தாங்கும் ரப்பர் பை ஒன்று இருந்தது. அதிலிருந்து கசியும் கந்தக வாயு வெளிர்நிறச் செலுலாய்டைக் கறுக்கச் செய்தது. அதனால், பல பச்சைப் பேனாக்களில் மூடி இன்றும் பசுமையாக இருக்க, பை இருந்த தண்டுப் பகுதி மட்டும் பழுப்பாகிக் கிடக்கிறது.

இக்குறைகளுடன், அதிக நாள் காயவைக்கும் செலவும் சேர்ந்தது. வேறு நெகிழிகளை அச்சில் செலுத்தி விரைவாக வார்க்கும் முறைகள் வளர்ந்தன. 1941இல் பார்க்கர் வெளியிட்ட ‘51’ என்னும் பேனா அக்ரிலிக்கால் ஆனது. அடுத்து வந்த ஆண்டுகளில் செலுலாய்டு பேனாத் தொழிலிலிருந்து மெல்ல விலகியது.

மீண்டும் உருவாக்கும் வழிகள்

பழைய அழகை மீட்க இன்று மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, உண்மையான செலுலாய்டையே பயன்படுத்துவது. சில நிறுவனங்கள் இன்றும் சிறிய எண்ணிக்கையில் அவ்வாறு செய்கின்றன. ஆயினும், பொருள் கிடைப்பது அரிது, விலையும் அதிகம், பட்டறையில் மிகுந்த எச்சரிக்கை தேவை.

இரண்டாவது வழி, செல்லுலோஸ் அசிடேட். இதுவும் பஞ்சு அல்லது மரக்கூழிலிருந்து கிடைப்பதே. மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் பல இதனால் செய்யப்படுகின்றன. செலுலாய்டைப்போல் இது எளிதில் தீப்பற்றாது. கைக்கும் இதமாக இருக்கும். ஆனால், ஈரத்தைச் சற்று உறிஞ்சும்.

மூன்றாவது வழி, அக்ரிலிக் போன்ற செயற்கைப் பிசின்களில் பழைய கோலத்தைப் புதிதாக உருவாக்குவது. கைவினைஞர்கள் பலர் இவ்வழியையே நாடுகின்றனர். வெறும் பச்சைச் சாயத்தைப் பிசினில் கலந்து ஊற்றினால், கிடைப்பது பச்சை நிறக் குச்சி மட்டுமே. பழைய பேனாவின் உயிர் அதில் இராது. ஆகையால், அவர்கள் முதலில் பழைய பேனாவை உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்கின்றனர். கோடுகள் எந்தச் சாய்வில் செல்கின்றன? துகள்கள் எப்படிப் படுத்திருக்கின்றன? நிறம் மாறாத பகுதி எது? இவற்றை அறிந்த பிறகே வேலை தொடங்கும்.

மீன் செதிலுக்குப் பதிலாக இன்று பெரும்பாலும் மைக்கா என்னும் கனிமத்தின் மின்னும் தூளைப் பயன்படுத்துகின்றனர். அதைப் பிசினில் கலந்து, மெல்லிய தகடுகளாக ஊற்றினால், துகள்கள் படிந்து படுக்கின்றன. தகடு இறுகியதும் அதை அறுத்து, துண்டுகளைத் திருப்பி அடுக்கி, இடைவெளிகளில் வேறு நிறப் பிசினை ஊற்றுகின்றனர். அப்போது உள்ளே காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும். அழுத்தக் கலத்தில் வைத்து இறுகவிட்டால், குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். பின்னர், அக்கட்டியைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திக் கடைந்து, துளையிட்டு, மரை வெட்டி, மெருகேற்றுகின்றனர். கடையும்போது சிறு தவறு நேர்ந்தாலும் பிசின் சில்லாகத் தெறித்துவிடும். பல நாள் உழைப்பு நொடியில் வீணாகும்.

நகலும் நேர்மையும்

இவ்வாறு உருவாகும் பொருள் புதிய பேனாவுக்கு மட்டுமன்றி, உடைந்த பழைய பேனாவைச் சரிசெய்யவும் பயன்படுகிறது. இங்கேதான் ஒரு சிக்கலான கேள்வி எழுகிறது. புதிய தண்டு ஒன்றைப் பழைய மூடியோடு பொருத்தும்போது, 1924இல் இருந்த பச்சை நிறத்தில் செய்வதா, காலத்தால் மாறிய நிறத்தில் செய்வதா? இதற்கு ஒரே விடை இல்லை. பேனாவை வைத்து எழுத விரும்புபவர் ஒன்றைக் கேட்பார். வரலாற்றுச் சான்றாகப் பாதுகாக்க விரும்புபவர் வேறொன்றைக் கேட்பார்.

ஆனால், இன்னொரு கேள்விக்கு விடை தெளிவானது. புதிதாகச் செய்த பாகத்தைப் பழையது என்று கூறி விற்பது ஏமாற்று வேலை. கண்ணால் வேறுபடுத்த முடியாத அளவுக்கு நகல் சிறந்திருந்தால், அதைச் செய்தவரின் பொறுப்பும் அந்த அளவுக்குக் கூடுகிறது. எந்தப் பாகம் புதியது என்பதை வெளிப்படையாகச் சொல்பவரே நல்ல கைவினைஞர்.

பழைய பொருள் ஒன்றை மீண்டும் உருவாக்குபவர், அதில் எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று முடிவுசெய்ய வேண்டியவராகிறார். செலுலாய்டின் தீயும் சிதைவும் கைவிடத்தக்கவை. துகள்களைப் படுக்கவைத்து ஒளியை வரவழைத்த தொழில்நுட்பமும், மாதக்கணக்கில் காத்திருந்த பொறுமையும் காக்கத்தக்கவை. அவற்றைக் கற்றுக்கொண்டவரின் கையில் பழைய அழகு பாதுகாப்பான புதுப் பொருளில் மீண்டும் பிறக்கிறது.

அருஞ்சொற்பொருள்

நெகிழி – பிளாஸ்டிக்
காப்புரிமை – கண்டுபிடிப்பைப் பிறர் பயன்படுத்தாதபடி சட்டம் தரும் உரிமை
கடைசல் இயந்திரம் – பொருளைச் சுழற்றி, செதுக்கி உருவம் தரும் இயந்திரம்
மரை – திருகிப் பொருத்துவதற்காக வெட்டப்படும் சுருள் வரி
மெருகு – பளபளப்பு

கருத்துணர் கேள்விகள்

1. செலுலாய்டு தயாரிப்பில் கற்பூரத்தின் பங்கு யாது?
2. பழைய பச்சைப் பேனாவின் மூடியும் தண்டும் இன்று வெவ்வேறு நிறத்தில் காணப்படுவது ஏன்?
3. பேனாவைத் திருப்பும்போது அதன் ஒளி மாறுவதற்கான காரணத்தை உன் சொந்த நடையில் விளக்குக.
4. செலுலாய்டின் அழகை மீட்பதற்கான மூன்று வழிகளின் நிறைகுறைகளை அட்டவணையில் ஒப்பிடுக.
5. உடைந்த பழைய பேனாவுக்குப் புதிய தண்டு செய்யும் கைவினைஞராக நீ இருந்தால், எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பாய்? காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.