எழுத்துகள் ஏன் குழம்புகின்றன?

கேள்வி: தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிப் பழைய கணினியில் பாமினி எழுத்துருவில் எழுதி வைத்திருந்தேன். அதை நண்பர்களுக்கு அனுப்பினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகிறது என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர், தொம்மலூர், பெங்களூரு

பதில்: உங்கள் உழைப்பு அழியவில்லை, கவலை வேண்டாம். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. நண்பரிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் போர்வை விலகிவிடும். எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அப்படியில்லை, ‘த’வுக்கென்றே தனி எண் உண்டு, எந்த ஊர்க் கைப்பேசியிலும் அது ‘த’தான். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றது.

என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் ‘பாமினி’யைத் தேர்ந்து, எழுதியதை ஒட்டி யூனிகோடுக்கு மாற்றுங்கள். இடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் பொருளற்ற தமிழாகிவிடும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும். கல்வெட்டுப் பாடத்தில் வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வந்தால் கூடுதல் கவனம் தேவை. கிரந்தத்துக்கு யூனிகோடில் தனி இடம் 2014-இல்தான் கிடைத்தது. பல கருவிகளில் இன்னும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

இனி எழுதுவதைத் தமிழ் 99 விசைப்பலகையில் யூனிகோடிலேயே எழுதுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.